ஆடும் படுக்கை



கோடை விடுமுறையில் நெய்யாற்றின்கரையை அடுத்த நண்பர் தோட்டத்தில் இரண்டு இரவு தங்கச் சென்றோம். மரங்களிடையே தூளி கட்டித் துயில வேண்டுமென்பது என் மகனின் ஆசை. ஆதலின் முன்னரே சாலைக் கடைவீதிக்குச் சென்றோம்.

கயிற்று வலைத்தூளி பகலோய்வுக்கு நன்று. இரவெல்லாம் படுத்தால் முதுகில் தடம் பதியும். துயிலுக்கு நைலான் துணியே ஏற்றது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் இருப்பின் குறுக்குச் சாய்வாகப் படுக்கலாம், முதுகு வளையாது. கொசு துணியின் ஊடேயும் கடிக்குமாதலால் கீழே விரிப்பும் சுற்றிலும் கொசுவலையும் வேண்டும்.

தென்னையில் கட்டலாகாது, தேங்காய் விழும். ரப்பர் மரத்தில் கட்டின் பால் வெட்டும் பட்டை கெடும். முதிர்ந்த மாமரமே நன்று. மெல்லிய கயிறு பட்டையை அறுக்கும். அகன்ற நாடாவே தக்கது.

பார்சல் எடைபோட்டுப் பழகியவன் நான். தூளி 120 கிலோ தாங்குமென எழுதியிருந்தது. மகனோ 30 கிலோ. ஏறச் சொன்னேன். "முதலில் நீ உட்கார்ந்து பார்" என்று என் அன்னையார் தடுத்தார். எங்களைச் சேலைத் தூளியில் இடுமுன் தாமே தொங்கிப் பார்த்தவர் அவர்.

உட்கார்ந்தேன், தரையில் வீழ்ந்தேன். துணி கிழியவில்லை, நான் இட்ட முடிச்சே அவிழ்ந்தது. அனைவரும் நகைத்தனர். மகனும் நகைத்தான், என் நெஞ்சு மட்டும் நடுங்கிற்று.

விறைப்பாகக் கட்டியதும் என் பிழையே. 30 பாகைச் சரிவில் ஒவ்வொரு பக்கமும் நம் எடையளவே இழுபடும். 10 பாகையில் ஏறக்குறைய மும்மடங்காகும்.

தாழக் கட்டுங்கள், ஒன்றரை அடி உயரம் போதும். முதலில் பெரியவர் பாரம், பின்னரே பிள்ளை.