ஒரு ஓட்டு கூட பதிவாகாமல் வெற்றி: உள்ளாட்சித் தேர்தலில் 'போட்டியின்றித் தேர்வு' எப்போது பிரச்னை ஆகிறது?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் குஜராத்தின் சூரத் தொகுதியில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியானது, களத்தில் மீதி இருந்தவர்கள் விலகினார்கள், பாஜகவின் முகேஷ் தலால் போட்டியின்றி எம்.பி. ஆனார். 543 தொகுதிகளில் ஒரே ஒரு தொகுதி. ஆனாலும் நாடு முழுக்க அது தலைப்புச் செய்தி.

அதே ஆண்டு ஆகஸ்டில் திரிபுராவில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அங்கே 6,370 கிராமப் பஞ்சாயத்து இடங்களில் 4,550 இடங்களை பாஜக போட்டியின்றி வென்றது. அதாவது 71 சதவீதம். இந்தச் செய்தி மாநிலத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

தேர்தல் நேர்மை என்றதும் பணப் பட்டுவாடா, பொய் வாக்குறுதி, சாதிப் பிரசாரம் எல்லாம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், இவை எல்லாமே பிரசாரம் தொடங்கிய பிறகு நடப்பவை. பிரசாரமே தொடங்காமல் முடிந்துபோகும் தேர்தலை என்ன செய்வது?

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவது மேற்கு வங்கத்தின் 2018 பஞ்சாயத்துத் தேர்தல். மொத்தம் இருந்த 58,692 இடங்களில் சுமார் 20,000 இடங்களில் போட்டியே இல்லை. மூன்றில் ஒன்றுக்கும் மேல். கிட்டத்தட்ட எல்லாமே ஆளும் திரிணாமுல் காங்கிரஸுக்குப் போனது. 2023-ல் 73,887 இடங்களில் சுமார் 9,000 இடங்கள், அதாவது 12 சதவீதம், இதே மாதிரி முடிந்தன.

திரிபுராவில் 2019-ல் இந்த அளவு இன்னும் அதிகம். சுமார் 86 சதவீத இடங்கள் போட்டியின்றி பாஜக வசம் வந்தன.

மேற்கு வங்கத்தில் ஒரு கட்சி, திரிபுராவில் இன்னொரு கட்சி. எனவே இதை ஒரு கட்சியின் பழக்கம் என்று சுருக்கிவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, பலன் பெற்றது அந்தந்த மாநிலத்தை ஆளும் கட்சி என்பதுதான்.

இந்த எண்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. திரிபுராவில் 2024-ல் போட்டியின்றி முடிந்த இடங்களை அடுக்கு வாரியாகப் பாருங்கள்:

கிராமப் பஞ்சாயத்து: 71 சதவீதம்
பஞ்சாயத்து சமிதி (நம் ஊராட்சி ஒன்றியம் போல): 56 சதவீதம்
ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி போல): 17 சதவீதம்

மேற்கு வங்கத்தில் 2018-லும் கிட்டத்தட்ட இதே போக்குதான். கிராமப் பஞ்சாயத்தில் சுமார் 35 சதவீதம், ஜில்லா பரிஷத்தில் சுமார் 25 சதவீதம்.

மாவட்ட அளவில் நிற்க ஆள் கிடைக்கும் கட்சிக்கு, கிராமத்தில் ஏன் கிடைப்பதில்லை? ஆயிரக்கணக்கான இடங்களுக்கு ஆள் தேடும் பலம் சில கட்சிகளுக்கு இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கலாம். மாவட்ட வேட்பாளருக்குப் பின்னால் கட்சி, வக்கீல், கேமரா எல்லாம் இருக்கும். கிராம வார்டில் நிற்பவர், தன்னை மிரட்டுபவரின் பக்கத்துத் தெருவில்தான் மறுநாளும் குடியிருக்க வேண்டும்.

போட்டி இல்லை என்றாலே முறைகேடா?

இல்லை. இதில் அவசரப்படக் கூடாது. 'போட்டியின்றித் தேர்வு' என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: சம்மதம், விலை, பயம்.

முதலில் சம்மதம். சின்ன ஊரில் எல்லோரும் கூடிப் பேசி, செலவும் சண்டையும் வேண்டாம் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பது உண்டு. குஜராத்தில் இதற்கு அரசே ஊக்கத்தொகை தருகிறது. 'சமரஸ்' என்ற அந்தத் திட்டம் 2001 முதல் இருக்கிறது. ஆந்திராவிலும் 2021-ல் மக்கள்தொகையைப் பொறுத்து 5 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அறிவித்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் சித்தூர், குண்டூர் மாவட்டங்களில் போட்டியற்ற இடங்கள் அதிகமாக வந்தபோது, மாநிலத் தேர்தல் ஆணையம் சந்தேகப்பட்டு ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது.

அடுத்து விலை. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டம் உம்ரானே, நந்தூர்பார் மாவட்டம் கோண்டாமளி ஆகிய இரண்டு ஊர்களின் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. காரணம், பதவி ஏலம். உம்ரானேயில் ஏலத்தொகை 2 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. நமக்கும் இது புதிதல்ல. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக வீடியோ பரவியது. பணம் கோயிலுக்குத்தானே போகிறது, இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தப்பு இதுதான்: ஏலத்தில் கேட்க முடியாதவர் தேர்தலிலும் நிற்க முடியாது. போட்ட காசை அவர் எங்கிருந்து எடுப்பார் என்பது அடுத்த கேள்வி.

கடைசியாக பயம். 2018-ல் மேற்கு வங்கத்திலும், 2019, 2024-ல் திரிபுராவிலும் தங்கள் ஆட்களை மனு தாக்கல் செய்யவே விடவில்லை என்று எதிர்க்கட்சிகள் புகார் சொல்லின. ஆளும் கட்சிகள் மறுத்தன. 2024 ஜூலையில் தெற்கு திரிபுராவில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஜில்லா பரிஷத் வேட்பாளர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

சம்மதத்துக்கும் பயத்துக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு பாப்பாபட்டி, கீரிப்பட்டியே சாட்சி. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996 முதல் 10 ஆண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்க விடவில்லை. அதையும் 'ஊர் முடிவு' என்றுதான் சொன்னார்கள்.

மூன்றுமே முடிவுப் பட்டியலில் ஒரே மாதிரிதான் பதிவாகும். பெயர் இருக்கும், கட்சி இருக்கும், வாக்கு என்ற இடம் காலியாக இருக்கும். அதை வைத்து எது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. வேட்பாளராக நிற்பதும், நிற்காமல் இருப்பதும், விலகுவதும் 'தேர்தல் உரிமை' என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா. அந்த உரிமையைப் பணத்தால் வளைத்தாலும் மிரட்டித் தடுத்தாலும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை, அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையம். அரசமைப்புச் சட்டத்தின் 243-கே பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. தேசிய ஆணையத்துக்கு உள்ள அதே அந்தஸ்து உள்ளாட்சித் தேர்தலில் இதற்கும் உண்டு என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் மாநில ஆணையரை நியமிக்க மாநில அரசுதான் பரிந்துரைக்கிறது. ஆளும் கட்சி மீது புகார் வரும்போது இங்கேதான் சிக்கல்.

சரி, நீதிமன்றத்துக்குப் போகலாமே? 2018-ல் போனார்கள். இமெயிலில் அனுப்பிய மனுக்களை ஏற்கச் சொன்னது கொல்கத்தா உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2018 ஆகஸ்ட் 24 அன்று வந்த தீர்ப்பில், போட்டியற்ற இடங்களின் முடிவை மொத்தமாக ரத்து செய்ய மறுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் தனித்தனியாகத் தேர்தல் வழக்குப் போடலாம் என்றது.

சட்டப்படி இது சரியான வழிதான். தேர்தல் வழக்கு தவிர வேறு வழியில் உள்ளாட்சித் தேர்தலை எதிர்க்க முடியாது என்று அரசமைப்பே சொல்கிறது. ஆனால் நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். மனு தாக்கல் செய்ய ஒன்றிய அலுவலகத்துக்குப் போகவே பயந்த ஒருவர், அதே ஊரில் இருந்துகொண்டு, ஜெயித்தவர் மேல் வழக்குப் போட வேண்டும். சாட்சியையும் அவரே கொண்டுவர வேண்டும்.

வேறு வழி என்ன?

ஒரே வேட்பாளர் இருந்தாலும் வாக்குப்பதிவு நடத்தி, அவருக்கு எதிரே நோட்டாவை வைக்கலாம் என்பது ஒரு யோசனை. சட்டக் கொள்கைக்கான விதி மையம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் மையமும் இதுதான். 2025 ஏப்ரலில் நடந்த விசாரணையில், ஒற்றை வேட்பாளர் குறைந்தபட்ச சதவீத வாக்காவது பெற வேண்டும் என்று வைக்கலாமே என நீதிபதிகள் கேட்டார்கள். அந்த வழக்கு நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றியது. உள்ளாட்சிக்கு வர வேண்டுமானால் மாநிலங்களின் சட்டங்களும் விதிகளும் மாற வேண்டும்.

அதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரம், ஹரியாணா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-லேயே, உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலிடம் பிடித்தால் மறுதேர்தல் என்று உத்தரவிட்டன. நோட்டாவை ஒரு வேட்பாளர் போலவே நடத்தும் ஏற்பாடு இது.

செலவு கூடுமே என்பது நியாயமான கேள்வி. உண்மையிலேயே ஊர் கூடி எடுத்த முடிவு என்றால், அதற்கும் ஒரு நாள் வாக்குப்பதிவு, ஒரு நாள் எண்ணிக்கை என்று செலவாகும். ஆனால் சம்மதம் இருக்கும் ஊரில் அந்த ஒற்றை வேட்பாளர் எளிதாக ஜெயித்துவிடுவார். அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. ரகசிய வாக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர்கள், பதவியை ஏலம் எடுத்தவரும் மிரட்டி வாங்கியவரும்தான்.

அடுத்த முறை உங்கள் வார்டில் 'போட்டியின்றித் தேர்வு' என்று செய்தி வந்தால், யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேர் மனு கொடுத்தார்கள், எத்தனை மனு தள்ளுபடியானது, எத்தனை பேர் கடைசி நாளில் விலகினார்கள் என்று தேர்தல் அலுவலரிடம் கேளுங்கள். முடிவுப் பட்டியலில் காலியாக இருக்கும் அந்த இடத்துக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.