குழந்தையின் வாயில் இருக்கும் சொல்

எழுத்தை அறிமுகப்படுத்தும் படநூலில் ஒரு பக்கத்துக்கு மூன்று உறுப்புகள்: பெரிதாக அச்சிட்ட எழுத்து, அதற்கொரு படம், படத்தின் பெயர். படத்தைப் பார்த்ததும் குழந்தை தானாகச் சொல்லும் பெயர் அந்த எழுத்தின் ஒலியில் தொடங்கினால்தான் அங்கே பாடம் நடக்கிறது. தமிழில் கிடைக்கும் பல நூல்களிலும் சுவர் அட்டைகளிலும் இந்தப் பொருத்தம் சில பக்கங்களிலாவது குலைந்து கிடக்கிறது. ‘இந்தப் பிள்ளைக்கு எழுத்து மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று மழலையர் வகுப்புகளில் கேட்கும் புகாரில் ஒரு பங்கு பிள்ளையின் குறை அல்ல, நூலின் குறை.

மிகப் பழகிய எடுத்துக்காட்டு, இகரத்துக்கு வரையும் இலை. தமிழ்நாட்டுப் பேச்சில் அது பெரும்பாலும் ‘எலை’. உகரத்துக்கு வரையும் உரல், ‘ஒரல்’. ‘கு’வுக்கு வரையும் குடை, ‘கொடை’. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ சேர்ந்தால் பேச்சில் அவை எகரமாகவும் ஒகரமாகவும் மாறிவிடும். விரல் ‘வெரல்’ ஆவதும் புகை ‘பொகை’ ஆவதும் இதனால்தான். ‘எலை’ என்று சொல்லும் குழந்தையின் காது சரியாகவே வேலை செய்கிறது. அதற்குக் காட்டிய எழுத்துதான் பொருந்தவில்லை. ‘எலை இல்லை, இலை’ என்று திருத்தும்போது குழந்தை எழுத்தைக் கற்பதில்லை, தன் நாக்கை நம்பக் கூடாது என்பதைக் கற்கிறது. இதற்கு மருந்து எளிது. இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல் போன்ற சொற்களில் முதல் ஒலி பேச்சிலும் மாறுவதில்லை. வட்டார வழக்கு ஊருக்கு ஊர் வேறுபடுவதால், நூலை வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் படங்களை மட்டும் நாலைந்து குழந்தைகளிடம் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டு, அவர்கள் சொன்ன பெயரைப் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. பொருந்தாத படத்தின் மேல் வேறொரு படத்தை ஒட்டிவிடலாம். உரலைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சில எழுத்துகளுக்குப் பொருத்தமான படமே கிடையாது. ஐந்து, பேச்சில் ‘அஞ்சு’. ஔவையார் படத்தைப் பார்க்கும் குழந்தை ‘பாட்டி’ என்றுதான் சொல்லும். எஃகைப் படமாக வரைய முடியாது. வரைந்தாலும் ஆய்தம் சொல்லின் முதலில் இல்லை. ‘ங’வில் தொடங்கும் சொல் எதுவும் குழந்தைக்குத் தெரியாது. அட்டவணையில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவை முன்பருவ வகுப்பில் இடம்பெறுகின்றன. முதல் வகுப்புக்கோ அதற்குப் பிறகோ தள்ளி வைப்பதால் ஒரு நட்டமும் இல்லை.

மெய்யெழுத்துகளின் சிக்கல் வேறு. தமிழ் மரபில் மெய் சொல்லுக்கு முதலில் வராது; ஆகவே படநூல்கள் சொல்லின் இறுதியையோ நடுவையோ நாடுகின்றன. இறுதி நம்பகமானதல்ல. பல் ‘பல்லு’ ஆகிறது, தேள் ‘தேளு’ ஆகிறது, தேர் ‘தேரு’ ஆகிறது. மான், மரம் ஆகியவற்றின் கடைசி மெய் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. நடுவில் வரும் மெய்யோ பேச்சிலும் கெட்டியாக நிற்கும்: கொக்கு, சங்கு, பந்து, பட்டம், வண்டு, கப்பல். இவற்றைக் கைதட்டி எண்ண வைத்தால் மெய்யின் இயல்பைக் குழந்தையே கண்டுபிடிக்கும். தக்காளிக்கு மூன்று தட்டு, எழுதிப் பார்த்தால் நான்கு எழுத்து. தட்டு விழாத அந்த ஓர் எழுத்தின் தலையில்தான் புள்ளி இருக்கிறது. இலக்கண விளக்கம் எதுவும் இல்லாமல் ஐந்து வயதில் இது பிடிபடும்.

இனி வரிசை. பன்னிரண்டு உயிரையும் முடித்துவிட்டே மற்றவற்றைத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். ஆனால் உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே வரும். ‘அணில் பழம் தின்றது’ என்ற வரியில் பத்து எழுத்துகள் உள்ளன. அவற்றில் உயிரெழுத்து ஒன்றே ஒன்று. மாதக்கணக்கில் அ, ஆ, இ, ஈ படித்த குழந்தை ஒரு கதைநூலைத் திறந்தால், தெரிந்த எழுத்தைப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கிறது. படித்த எழுத்தைப் படிக்கிற இடத்தில் காணாத குழந்தைக்குப் படிப்பதில் என்ன பிடிப்பு வரும்? அகரம், எளிய வடிவமுள்ள ட, ப, ம, அவற்றோடு புள்ளியும் துணைக்காலும் போதும்: அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பட்டம் எல்லாம் கைக்கு வந்துவிடும். இவற்றில் ஒன்றுகூடக் குழந்தைக்குப் புதிய சொல் இல்லை.

247 எழுத்தையும் ஒன்றாம் வகுப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று பெற்றோரும் சில பள்ளிகளும் காட்டும் அவசரத்துக்கு அடிப்படை இல்லை. கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அசையெழுத்து முறையில் எழுத்துத் தேர்ச்சி தொடக்கப்பள்ளி ஆண்டுகள் நெடுகிலும் மெல்ல வளர்வதைக் காட்டியது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு வகுத்த கால அட்டவணையைத் தமிழின் மேல் ஏற்றுவது குழந்தைக்குச் செய்யும் அநீதி. தமிழ்நாட்டில் 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபின் இந்த எச்சரிக்கைக்குத் தேவை கூடியிருக்கிறது.

படநூலை வாசித்துக் காட்டும் முறையிலும் கவனம் வேண்டும். எவன்ஸும் சேன்ட்-ஆபினும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நூலை உரக்கப் படித்துக் காட்டும்போது நான்கு வயதுக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். கண் படத்திலேயே இருந்தது. அச்செழுத்தின் பக்கம் அரிதாகவே வந்தது. கதை கேட்கிற குழந்தை படத்தைப் பார்ப்பதில் தவறில்லை. எழுத்தையும் பார்க்க வேண்டுமென்றால் ஆசிரியரின் விரல் அங்கே போக வேண்டும், அவ்வளவுதான். ஒரே நூலை நான்கு நாள் வாசிக்கலாம். முதல் நாள் கதை மட்டும்; அன்று எழுத்துப் பேச்சே வேண்டாம், கதையின் சுவை கெடும். இரண்டாம் நாள் தலைப்பின் கீழ் விரலை இடமிருந்து வலமாக நகர்த்திப் படிக்கலாம். மூன்றாம் நாள் பழகிய ஓர் எழுத்தைத் தேடச் சொல்லலாம். கண்டுபிடித்தவர் வந்து தொட்டுக் காட்டட்டும். நான்காம் நாள் நூல் குழந்தைகள் கையில். இருபது பேர் உட்காரும் மையத்தில் கையடக்க நூல் பின்வரிசைக்குத் தெரியாது. பெரிய அளவு நூலோ, அரைவட்டமாக உட்கார வைப்பதோ இன்றியமையாதது.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது அழகில் மயங்கிவிடக் கூடாது. பாம்பை வளைத்து ‘ப’ போலவும் அணிலின் வாலைச் சுருட்டி ‘அ’ போலவும் வரையும் அலங்காரம் பெரியவர்களுக்குப் பிடிக்கும். குழந்தைக்கு அங்கே தெரிவது பாம்பும் அணிலும் மட்டும்தான். படத்தின் மேலேயே அச்சிட்ட எழுத்தும் அப்படித்தான் மறைந்துபோகும்.

விளையாட்டுகளை எடைபோட ஒரு கேள்வி போதும்: ஆடும்போது குழந்தை ஒலியைக் கேட்கிறதா? எழுத்தின் கோட்டு வடிவத்துக்குள் வண்ணம் தீட்டுவது கைக்கு நல்ல பயிற்சி, எழுத்துக்கு அல்ல. ஒலியே இல்லாமல் அதை முடித்துவிடலாம். பொருள் கூடை அப்படியல்ல. ஒரு கூடையில் பந்து, பம்பரம், பட்டாணி, சாவி, சீப்பு என்று போட்டு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி, ‘ப’ அட்டை மேல் வைக்க வேண்டியதை மட்டும் வைக்க வேண்டும். கூடையை நிரப்பும்போது இரண்டு செய்திகள் நினைவில் இருக்கட்டும். ஆங்கில விளையாட்டைப் பார்த்துப் பந்தையும் பூட்டையும் ஒரே அட்டையில் வைக்கச் சொன்னால் தமிழ்க் குழந்தை குழம்பும். அதன் காதுக்கு ‘ப’வும் ‘பூ’வும் வேறு, கண்ணுக்கும் வேறு. அந்த உறவு பிற்பாடு குறிகளைப் படிக்கும்போது தெரிய வரும். பலூனும் பஸ்ஸும் ‘ப’வில் எழுதப்பட்டாலும் வேறொலியில் தொடங்குவதால், அவையும் சில வாரம் காத்திருக்கட்டும். பாண்டி ஆட்டத்தின் கட்டங்களில் எழுத்து எழுதி, சில்லு விழுந்த கட்டத்துக்கு ஒரு சொல் சொல்லிவிட்டே தாண்ட வேண்டும் என்று வைத்தால் முற்றம் முழுக்கச் சத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் குழந்தைக்கு நெருக்கமான எழுத்து தன் பெயரின் முதலெழுத்து. வருகைப் பதிவுக்குப் பெயரட்டையைத் தேடி எடுத்துத் தொங்கவிடுவது நாள்தோறும் நடக்கும் எழுத்துப் பாடம். இன்றைய வகுப்பில் ஜனனியும் ஹரிணியும் இருப்பார்கள். அவர்களின் எழுத்து அந்த 247-இல் இல்லை. சுவர் அட்டையில் இல்லாவிட்டால் தனியாக எழுதி ஒட்ட வேண்டும். தன் எழுத்து இல்லாத சுவரை எந்தக் குழந்தையும் நிமிர்ந்து பார்க்காது.

எழுதுவதைப் பொறுத்தவரை, பென்சிலுக்கு முன் மணல் என்ற மரபு தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது இங்கிலாந்துக்கும் போனது. தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்பி, எழுத்தை ஒலித்துக்கொண்டே விரலால் இழுக்கச் செய்வதுதான் மூன்று, நான்கு வயதுக்கு ஏற்றது. பிழையை ஒரு தடவலில் அழித்துவிடலாம். புளியங்கொட்டையை எழுத்தின் மேல் அடுக்கும் பயிற்சியும் நல்லதே, ஆனால் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குப் பெரிய பாட்டில் மூடிகளே பாதுகாப்பு. பென்சிலும் நான்கு கோட்டு நோட்டும் விரல் தசை உறுதிப்பட்ட பிறகு வரட்டும்.

முன்னேற்றத்தைச் சோதிக்க வரிசையாக ஒப்பிக்கச் சொல்வது பயனற்றது. ‘அ’ முதல் ‘ஔ’ வரை பாட்டாகச் சொல்லும் குழந்தை, நடுவில் ‘எ’யைக் காட்டினால் மறுபடி முதலிலிருந்து பாடித்தான் அங்கே வந்து சேரும். அதுவரை பார்த்திராத ஒரு படநூலைத் திறந்து, தெரிந்த எழுத்தைத் தொட்டு ஒலிக்கச் சொல்லி, தொட்டவற்றை மட்டும் தேதியோடு குறித்து வைக்கலாம். ல, ள, ழ வேறுபாடும் ந, ன வேறுபாடும் அந்தக் குறிப்பில் பிழையாக ஏற வேண்டியதில்லை. அவை எழுத்திலக்கணத்தோடு தொடக்கப்பள்ளியில் படிக்க வேண்டியவை.