போலிக் காலணிக்குப் பொறுப்பு யார்?

இணையத்தில் பிராண்டட் ஷூ ஒன்றை வாங்கி, வந்தது டூப்ளிகேட் என்று தெரிந்து, அதை வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?” அடுத்தது, “அந்த விலைக்குக் கொடுக்கும்போதே சந்தேகம் வரவில்லையா?” இப்படிக் கேட்டுக் கேட்டே, இந்த வியாபாரத்தில் பணம் பார்த்தவர்களை வெளியே விட்டுவிட்டு, பணத்தைப் பறிகொடுத்தவரைக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறோம். கேள்வி போக வேண்டிய இடம் வேறு.

சென்னை பர்மா பஜாரில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ கேட்டு வாங்குபவருக்கு, தான் எதை வாங்குகிறோம் என்பது நன்றாகவே தெரியும். கடைக்காரரும் மறைப்பதில்லை. பேரமே அதை வைத்துத்தான் நடக்கிறது. விற்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம். ஆனால், அங்கே வாங்குபவர் ஏமாறவில்லை. இணையத்தில் நடப்பது அப்படியல்ல. ஒரிஜினல் என்ற வார்த்தையை நம்பி, ஒரிஜினலுக்குக் கொடுக்கக்கூடிய விலையைக் கொடுத்து, போலியைக் கையில் வாங்குகிறார்கள். போலி விற்பவர்களும் எப்போதோ விவரமாகிவிட்டார்கள். 11,000 ரூபாய் ஷூவை 1,500 ரூபாய்க்குப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். 7,000 என்று போட்டால் அது ‘ஆஃபர்’. ஒரிஜினல் பொருளையே பண்டிகைக்குப் பண்டிகை பாதி விலைக்குத் தரும் தளங்கள்தான் இந்தப் பழக்கத்தை நமக்கு ஏற்படுத்தின. அந்தச் சந்தையில் நின்றுகொண்டு, விலையை வைத்தே போலியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று வாங்கியவரிடம் சொல்வது நியாயமே இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் சில தடயங்கள் உண்டு. நைக்கி ஷூவின் நாக்குப் பகுதிக்கு உட்புறம் சிறு லேபிள் இருக்கும். சைஸுக்குக் கீழே ஆறு எழுத்து அல்லது எண், ஒரு கோடு, பிறகு மூன்று எண்கள் கொண்ட குறியீடு ஒன்று அதில் அச்சாகியிருக்கும். முதல் பகுதி மாடலையும் கடைசி மூன்று எண்கள் நிறத்தையும் குறிக்கும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இதே குறியீடு இருக்க வேண்டும். போலிகளில் பெட்டி ஒரு மாடலையும் லேபிள் இன்னொரு மாடலையும் சொல்வதுண்டு. அடிடாஸில் இடது கால், வலது கால் லேபிள்களில் உள்ள வரிசை எண்கள் வெவ்வேறாக இருக்கும். போலி தயாரிப்பவர் ஒரே லேபிளை அச்சடித்து இரண்டு ஷூவிலும் வைத்துவிடுவார். இன்சோலைத் தூக்கினால் வழிந்து காய்ந்த பசை தெரியும். பெட்டியைத் திறந்ததும் பசை நெடி மூக்கைத் துளைக்கும். குதிகால் வளைவில் தையல் இடைவெளி ஒன்றுபோல் இருக்காது.

இவையெல்லாம் பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கக்கூடியவை. பணம் கட்டும் நேரத்தில் நம் முன்னால் இருப்பது ஒரு படம் மட்டுமே. அந்தப் படமும் பெரும்பாலும் பிராண்ட் நிறுவனமே எடுத்தது. போலி விற்பவர் அதையே எடுத்துப் போடுகிறார். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதில் தையலும் சரியாக இருக்கும், லேபிளும் சரியாக இருக்கும். ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருக்கும்போது, மேலே தெரியும் நட்சத்திரங்கள் அந்தப் பொருளுக்கு மொத்தமாகக் கிடைத்தவை. நமக்கு அனுப்பப்போகிற விற்பனையாளருக்குக் கிடைத்தவை அல்ல. இன்னொரு வழியிலும் போலி உள்ளே வருகிறது. யாரோ ஒருவர் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் போலியைப் போட்டு ரிட்டர்ன் செய்துவிடுகிறார். கிடங்கில் சரிபார்க்காமல் அதை மறுபடி அடுக்கினால், அடுத்த வாடிக்கையாளருக்கு அது போய்ச் சேரும். அவர் எதைப் பார்த்து வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார்?

சரிபார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்டாக்எக்ஸ், ஒவ்வொரு ஜோடியையும் பரிசோதித்த பிறகே வாங்குபவருக்கு அனுப்புவதாகச் சொல்லி வளர்ந்த மறுவிற்பனைத் தளம். அங்கே சான்று பெற்று வந்த நான்கு ஜோடிகள் போலி என்று 2022இல் நைக்கி நீதிமன்றத்தில் சொன்னது. 37 போலி ஜோடிகளை விற்றதற்கு ஸ்டாக்எக்ஸ்தான் பொறுப்பு என்று 2025 மார்ச்சில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் முடிவு செய்தது. காலணியைக் கையில் வைத்துக்கொண்டு சோதிக்கும் ஆட்களுக்கே இந்த நிலை என்றால், செல்பேசித் திரையில் படம் பார்ப்பவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

போலி விற்பவரைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள ஒரே இடம் விற்பனைத் தளம். விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு, கிடங்கு முகவரி எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. எந்த விற்பனையாளரின் சரக்கு எத்தனை முறை ‘ஒரிஜினல் இல்லை’ என்ற காரணத்தோடு திரும்பி வந்தது என்ற கணக்கும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் அதற்குப் போகிறது. ஆனால், பிரச்சினை என்று வந்தால், “நாங்கள் இடையில் நிற்பவர்கள் மட்டும்தான், விற்றவரைக் கேளுங்கள்” என்பதே பதில். இந்தப் பதிலுக்கு அடைக்கலம் கொடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. பிறர் பதிவேற்றும் தகவலுக்கு இடைநிலை நிறுவனங்களைப் பொறுப்பாக்காமல் காக்கும் பிரிவு அது. கருத்துகளைப் பகிரும் தளங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஷூவைத் தன் கிடங்கில் வைத்து, தன் பெயர் அச்சிட்ட பெட்டியில் போட்டு, தன் ஆள் மூலம் கொண்டுவந்து கொடுத்து, பணத்தையும் தானே வாங்கிக்கொள்ளும் நிறுவனம் எப்படி வெறும் தகவல் கடத்தியாக இருக்க முடியும்?

டெல்லி உயர் நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டது. சிவப்பு அடிப்பாகத்துக்குப் பெயர்போன பிரெஞ்சுக் காலணி நிறுவனமான கிறிஸ்டியன் லூபுட்டான் தொடுத்த வழக்கு அது. ஆடம்பரப் பொருட்களை உறுப்பினர்களுக்கு விற்றுவந்த டார்வேஸ் என்ற இணையதளம், தன்னிடம் உள்ளவை எல்லாம் அசல் என்று உறுதி சொல்லி விற்றது. வழக்கு வந்ததும், விற்பவர்கள் வேறு யாரோ, தான் இடைநிலையர் என்றது. 2018 நவம்பர் 2 அன்று தீர்ப்பளித்த நீதிபதி பிரதிபா எம்.சிங், ஒரு தளம் செய்யும் வேலைகளை வரிசையாகப் பட்டியலிட்டார்: விளம்பரம் செய்வது, கிடங்கில் வைப்பது, பேக்கிங் செய்வது, பில் போடுவது, தரத்துக்கு உறுதி கொடுப்பது. இவற்றில் பலவற்றைச் செய்கிற தளம் விற்பனையில் நேரடியாகப் பங்கேற்கிறது. அதற்கு 79ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்றார். விற்பனையாளர்களின் முழு விவரத்தையும் வெளியிட வேண்டும், பொருள் அசல்தான் என்று அவர்களிடம் சான்று வாங்க வேண்டும், விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பிராண்ட் உரிமையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டார். ஷூ வாங்கும் சாமானியருக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து கிடைத்த உருப்படியான தீர்ப்பு என்று இதைச் சொல்வேன். வழக்குப் போட்டது ஒரு பணக்கார நிறுவனமாக இருந்தாலும் சரி.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆம்வே பொருட்கள் தொடர்பான வழக்கில் 2020 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நேரடியாகப் பங்கேற்கும் இடைநிலையர், பங்கேற்காத இடைநிலையர் என்ற பாகுபாடு 79ஆம் பிரிவில் இல்லை என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் வாசகம் அப்படி இருக்கிறது என்றால், மாற்ற வேண்டியது வாசகத்தைத்தான். அது நாடாளுமன்றத்தின் வேலை.

அரசு 2020இல் மின்வணிகத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதில் நல்ல அம்சங்கள் உண்டு. போலிப் பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று விற்பனையாளரை அது கட்டுப்படுத்துகிறது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பதிவு செய்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கக் குறைதீர் அலுவலர் வேண்டும் என்கிறது. ஆனால், ஐந்தாவது விதியைப் படித்தால் மனம் சோர்ந்துபோகிறது. வணிக முத்திரைச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களின்கீழ் ஏற்கெனவே நீக்கப்பட்ட பொருட்களை மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வைக்கும் விற்பனையாளர்கள் யார் என்று தளங்கள் பதிவேடு வைத்திருக்க வேண்டுமாம். ஆனால், அப்படிப்பட்டவரைத் தளத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கட்டாயம் கிடையாது. விரும்பினால் செய்யலாம் என்று அதே விதி சொல்கிறது. தொடர்ந்து போலி விற்பவர் என்று தெரிந்த ஒருவரின் கடையைத் திறந்தே வைத்திருக்க, சட்டமே அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டை வாங்குபவருக்குக் காட்டும் கடமையும் இல்லை. பிறகு யாருக்காக அந்தப் பதிவேடு?

விற்பனையாளரின் அலட்சியத்தால் வாங்குபவருக்கு நஷ்டம் ஏற்பட்டால் தளமே அதை ஏற்க வேண்டும் என்ற திசையில் 2021 ஜூனில் ஒரு திருத்த வரைவை அரசு வெளியிட்டது. பெரிய நிறுவனங்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. வரைவு வரைவாகவே நின்றுபோனது. சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். போலிக் காலணிகளுக்குப் பேர்போன புதியான் நகரம் இருக்கும் நாடு அது. அங்கே 2019 முதல் நடைமுறையில் உள்ள மின்வணிகச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை மீறல் நடப்பது தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும் நடவடிக்கை எடுக்காத தளத்தை விற்பனையாளரோடு சேர்த்தே பொறுப்பாக்குகிறது. வாங்குபவரை மோசடி செய்தால் விலையைப் போல மூன்று மடங்கு இழப்பீடு தர வேண்டும் என்று அந்த நாட்டின் நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அதனால் அங்கே போலி ஒழிந்துவிடவில்லை. ஆனால், ஏமாந்தவருக்கு எதிராளி யார் என்ற குழப்பம் அங்கே குறைவு.

தளங்களைப் பொறுப்பாக்கினால் சிறு விற்பனையாளர்கள்தான் நசுங்குவார்கள் என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சொந்தப் பெயரில் செருப்பும் ஷூவும் செய்து இணையத்தில் விற்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. ஒரு காகிதம் குறைந்தாலும் அவர்களின் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், சொந்தப் பெயரில் விற்பவரிடம் யாரும் பிராண்ட் அனுமதிச் சீட்டு கேட்கப் போவதில்லை. அடுத்தவர் பெயரைப் போட்டு விற்பவரிடம் மட்டும், சரக்கை எங்கே வாங்கினாய், பில் எங்கே என்று கேட்டால் போதும். உண்மையில் போலியால் அடிபடுவதும் இந்தச் சிறு பட்டறைக்காரர்தான். தன் பெயரில் 1,800 ரூபாய்க்கு நல்ல தோல் ஷூ கொடுப்பவர், வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய ரெக்சின் ஷூவோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. செய்யாறில் நைக்கிக்காக ஷூ தைக்கும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள்; போலியால் அடிபடுவோர் கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏமாந்தவர் சட்டப்படி போக நினைத்தால் கதவு திறந்தே இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வந்தது போலி என்று யார் நிரூபிப்பது? குறைபாடுள்ள பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஷூவின் ரப்பர் எப்படிப்பட்டது என்று ஆய்வகம் சொல்லிவிடும்; அதை அந்த நிறுவனம்தான் தயாரித்ததா என்பதை அந்த நிறுவனம் மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். தங்கள் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்காத பொருளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தர அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஏழாயிரம் ரூபாய் ஷூவுக்காக ஒருவர் எத்தனை நாள் சம்பளத்தை இழந்து நடப்பார்? அசல் என்று நிரூபிக்கும் சுமையைத் தளத்தின்மீதும் விற்பனையாளர்மீதும் மாற்றி வைப்பதுதான் நேர்மை. சரக்கு வந்த வழியைக் காட்டும் பில் அவர்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால், அதுவே பதில்.

தளத்தைப் பொறுப்பாக்குவதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் புறம்பான பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்றவை 2,265 குக்கர்கள்; அதில் தளத்துக்குக் கிடைத்த கட்டணம் 6,14,825 ரூபாய். விற்பனையிலிருந்து வருவாய் பெற்றுக்கொண்டு, பிரச்சினை வரும்போது விலகி நிற்க முடியாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. அமேசான் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஆணையின் இன்னொரு பகுதி: அந்த 2,265 குக்கர்களை வாங்கிய அனைவருக்கும் தகவல் சொல்லி, பொருளைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது.

போலிக் காலணியில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. சண்டை போடுகிற ஒருவருக்கு மட்டும் ரீஃபண்டு கிடைக்கிறது. அதே விற்பனையாளரிடம் அதே வாரம் வாங்கிய மற்றவர்களுக்கு எந்தத் தகவலும் போவதில்லை. தங்கள் காலில் இருப்பது என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிய போலி ஷூ அதை விற்றவரிடமே போய்ச் சேர்கிறது. பெட்டியைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, அவர் அதை இன்னொரு முகவரிக்கு அனுப்ப எந்தத் தடையும் இல்லை. போலி என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரும் தளம், அந்த ஜோடியை விற்றவரிடம் ஒப்படைக்காமல் தானே நிறுத்திவைக்க வேண்டும். அந்த விற்பனையாளரிடம் அதே மாடலை வாங்கிய அத்தனை பேருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அவருக்குப் போக வேண்டிய பணத்தை விடுவிக்கக் கூடாது. 2020 விதிகளில் இந்த மூன்றையும் சேர்க்கவும், ‘விரும்பினால் வெளியேற்றலாம்’ என்ற வாசகத்தை எடுத்துவிடவும் நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு அறிவிக்கை போதும்.