உடலும் நினைவும்

புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. காவிரிக் கால்வாயின் நீர் அதன் கிழக்குப் பகுதியில் உள்ள சில ஊர்களுக்கே எட்டுகின்றது. எஞ்சிய ஊர்கள் ஏரியையும் கண்மாயையும் நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தன. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த அந்நிலத்தை உழுதற்கும் கிணறு வெட்டுதற்கும் உடல்வலிமை மிகுதியாக வேண்டும். ஆதலின் உடல்வலிமையைப் போற்றும் வழக்கமும் அங்கு வேரூன்றிற்று. தை மாதத்தில் வாடிவாசல் திறக்கும்போது, சீறி வரும் காளையின் திமிலைத் தழுவும் இளைஞரைக் காண ஊரே திரளும். தமிழ்நாட்டின் தென்பகுதி ஊர்கள் பலவற்றில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக்கல்லும் கிடக்கக் காணலாம். அதனைத் தூக்கித் தோளுக்குமேல் உயர்த்திப் பின்புறம் எறிந்தவனே மணமகனாகத் தக்கவன் என்று முன்னோர் கருதினர் என்பர். இன்று அக்கல் மண்ணில் பாதி புதைந்து கிடக்கின்றது. முதியோர் அதனைச் சுட்டிக்காட்டி, “அந்தக் காலத்து உடம்பு இப்போது யாருக்கு இருக்கிறது? கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டோம், நோய் என்பதே அறியோம்” என்று பெருமூச்சு விடுகின்றனர். அதனைக் கேட்கும் இளையோரும் தலையசைக்கின்றனர்.

இப்பெருமூச்சு எல்லா நாட்டிலும் உண்டு. இதற்கு மேலைநாட்டார் இட்ட பெயரின் வரலாறு விந்தையானது. 1688ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டின் பேசல் நகரத்தில் யோகன்னசு ஓபர் என்னும் மருத்துவ மாணவர் ஓர் ஆய்வுரை எழுதினார். பிறந்த ஊரைப் பிரிந்து வாழ்ந்த இளைஞர் சிலர் உணவும் உறக்கமும் இன்றி மெலிந்ததை அவர் அதில் விவரித்தார். பெர்ன் நகரிலிருந்து வந்து பேசலில் பயின்ற ஓர் இளைஞன் நோயுற்று நலிந்தான். ஊருக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டதுமே தேறத் தொடங்கினான். வீடு திரும்புதலையும் நோவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் இரண்டனை இணைத்து, ‘நாஸ்டால்ஜியா’ என்று அந்நோய்க்கு ஓபர் பெயரிட்டார். பிற்காலத்தில் அச்சொல் நோயின் பெயராக இல்லாமல், கழிந்த காலத்தை எண்ணி ஏங்கும் மனநிலையின் பெயராயிற்று. ஊரைப் பிரிந்தவன் ஊருக்குத் திரும்பலாம். காலத்தைப் பிரிந்தவன் எங்கே திரும்புவான்? ஆகவே அவன் மனத்துக்குள்ளேயே ஒரு பழைய காலத்தைக் கட்டிக்கொள்கிறான். அங்கு நோயில்லை, பசியில்லை, சாவும் இல்லை.

முதியோர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வரகும் கேழ்வரகும் கம்பும் நார்ப்பொருள் நிறைந்தவை. நடந்தும் குனிந்தும் சுமந்தும் செய்த வேலை உடலில் கொழுப்புத் தங்க விடவில்லை. இன்றைய நிலையோ வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர் மிகை எடை உடையவர். இந்தியா முழுவதிலும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பேராய்வு ஒன்று 2023ஆம் ஆண்டில் கணித்தது. உட்கார்ந்த தொழிலும் தீட்டிய அரிசியும் எண்ணெய்ப் பண்டமும் உடலை எந்நிலைக்குக் கொணர்ந்துள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆயினும், ‘நோய் என்பதே அறியோம்’ என்னும் கூற்றை அப்படியே ஏற்க இயலுமா? 1941 முதல் 1951 வரையுள்ள பத்தாண்டுகளில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது ஏறத்தாழ 70 ஆண்டுகள். 32 என்றால், முப்பத்திரண்டாம் வயதில் எல்லாரும் இறந்தனர் என்பது பொருளன்று. பிறந்த குழந்தைகளுள் மிகப் பலர் தவழும் பருவத்திலேயே மறைந்தனர் என்பதே பொருள். அப்பருவத்தைத் தப்பியவர் அறுபதும் எழுபதும் வாழ்ந்ததுண்டு. அவ்வாறு வாழ்ந்தவரே பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லினர். இறந்த குழந்தைகள் கதை சொல்ல எஞ்சவில்லை. வலிமையுடையோர் மட்டுமே பிழைத்த காலத்தை, எல்லாரும் வலிமையுடையவராய் இருந்த காலமென நினைவு மாற்றிவிடுகின்றது.

அக்காலத்தில் பெரியம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகிவிட்டு, ஊரார் அஞ்சி ஒதுங்கினர். பிழைத்தவருள் சிலர் கண்ணிழந்தனர். பலர் முகத்தில் வடுவோடு வாழ்ந்தனர். அந்நோய் இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975ஆம் ஆண்டில். வறண்ட பகுதிகளில் ஊருணி நீரை வடிகட்டாமல் பருகியவரை நரம்புச்சிலந்தி என்னும் நோய் பற்றியது. நீரில் வாழும் நுண்ணிய பூச்சியின் வழியாக உடலுக்குள் புகும் புழு, ஓராண்டளவில் முழநீளத்துக்கு மேல் வளர்ந்து, காலில் கொப்புளமாக வெளிப்படும். எரிச்சல் தாங்காமல் காலை நீரில் நனைத்தால், புழு தன் குஞ்சுகளை அந்நீரிலேயே விட்டுவிடும். அதைப் பருகுவோருக்கு அடுத்த ஆண்டில் அந்நோய். வெளிவந்த புழுவைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக இழுத்து எடுப்பதன்றி வேறு மருத்துவம் இல்லை. பழைய உணவைப் போற்றுவோர் பழைய குடிநீரை நினைப்பதில்லை. துணியால் நீரை வடிகட்டும் பழக்கமும், காப்பான கிணறும் குழாயும் பரவிய பின்னரே அப்புழு ஒழிந்தது. உலக நல நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இந்தியாவை அந்நோயற்ற நாடு என அறிவித்தது.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்களே பயின்றுவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் எதிர்ப்புக்கிடையே சேர்ந்து பயின்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்தார். அத்துயரை அவர் மறக்கவில்லை. பல்லாண்டு முயன்று, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இயங்க வழிசெய்தார். ஒரு குடும்பம் தன் பழைய காலத்தை நினைப்பதில் இப்படியும் ஒரு வகை உண்டு. தங்கையின் நோயை மறைத்து, ‘எங்கள் குலத்தில் நோயே இல்லை’ என்று அவர் சொல்லியிருப்பின், அம்மருத்துவமனை தோன்றியிராது.

பழமை ஏக்கத்தில் மற்றொரு குறையும் உண்டு. அது பெரும்பாலும் ஆண்களின் உடலையே நினைக்கின்றது. இளவட்டக்கல் ஆண்களுக்கு, வாடிவாசலும் ஆண்களுக்கே. குடத்தை இடுப்பிலும் தலையிலும் ஏற்றிக் கல்தொலைவு நடந்த பெண்ணின் வலிமைக்கு ஊரார் எந்தக் கல்லையும் நடவில்லை. “உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லுமே பெண்களுக்கு உடற்பயிற்சி, அவை போனதால் நோய் வந்தது” என்று சிலர் இப்போது எழுதவும் பேசவும் செய்கின்றனர். அவ்வாறு பேசுவோருள் ஆட்டுக்கல்லைச் சுற்றியவர் மிகச் சிலரே. விடியுமுன் எழுந்து இடித்தும் அரைத்தும், பிள்ளைகளை அடுத்தடுத்துப் பெற்றும், எல்லாரும் உண்டபின் பானையில் எஞ்சியதை உண்டும் வாழ்ந்த உடல் அது. அவ்வுழைப்பைப் பயிற்சி என்பது பொருந்தாது. பயிற்சிக்குப் பின் ஓய்வும் உணவும் உண்டு. கடைசியில் உண்ணும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. முற்கூறிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அதே வயதுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். மிகை எடையும் இரத்தசோகையும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில் இருத்தல் கூடும்.

உடல் என்பது பிறப்பினால் மட்டும் அமைவதன்று. சமூகம் பழக்கிய வண்ணம் அமைவது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோசு 1934ஆம் ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவில் இதனை விளக்கினார். முதல் உலகப் போரில் அவர் ஆங்கிலப் படையோடு இருந்தார். பிரெஞ்சு மண்வெட்டியால் பள்ளம் தோண்ட ஆங்கில வீரர்க்கு இயலவில்லை. ஒரு படைப்பிரிவின் இடத்தில் மற்றொன்று வந்தபோதெல்லாம் எண்ணாயிரம் மண்வெட்டிகளை மாற்ற நேர்ந்தது. மண் ஒன்றே; கையும் ஒன்றே; பழக்கம் வேறு. நடத்தல், உட்காருதல், நீந்துதல், சுமத்தல் ஆகிய யாவும் கற்றுக்கொண்ட கலைகளே என்றார் மோசு. கற்றதைப் பெண் ஒருத்திக்கு மறுப்பதும் சமூகமே. புதிதாகக் கற்பிப்பதும் சமூகமே.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே நல்ல சான்று தந்தது. 1991ஆம் ஆண்டில் அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கிற்று. ஊர்தோறும் சென்று கற்பிக்கும் பெண் தொண்டர்கள், பேருந்து வாராத ஊர்களுக்கு நடந்தே செல்ல வேண்டியிருந்தது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராய் இருந்த சீலாராணி சுங்கத், மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக்கினார். மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. உழவுத் தொழிலாளர், கல்லுடைப்போர், சிற்றூர்ச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைமார் எனப் பலரும் கற்றனர். மாலை வேளையில் வெளியிடங்களில் ஒருத்தி வண்டியைப் பிடிக்க, மற்றொருத்தி ஏறி மிதிப்பாள். வழியில் நின்று இழிசொல் கூறிய ஆடவரும் இருந்தனர். விழுந்தவர் எழுந்து மீண்டும் ஏறினர். பெண்களுக்குரிய வண்டி கடைகளில் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே பலர் வாங்கினர். அக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதனையே விரும்பியவரும் உண்டு. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்தனர். அம்மாவட்டத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார்.

இதனை உடல்நலம் பேணும் இயக்கம் என்று அக்காலத்தில் எவரும் அழைக்கவில்லை. ஆயினும், தலைச்சுமை வண்டிக்கு மாறியது. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் வண்டியில் சென்றன. நடையில் கழிந்த பொழுது மீந்தது. நோயுற்ற குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்லக் கணவனோ தமையனோ வரும்வரை காத்திருத்தல் குறைந்தது. இந்நன்மைகளுள் ஒன்றையேனும் பழைய காலம் அப்பெண்களுக்குத் தந்ததில்லை.

இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயில்வோர்க்குத் தமிழ்நாட்டு அரசு மிதிவண்டியை விலையின்றி வழங்குகின்றது. பெற்ற வண்டியை ஓராண்டு ஓட்டிவிட்டு, காற்றிறங்கிய சக்கரத்தோடு திண்ணையில் சாத்திவைக்கும் வீடுகளும் உண்டு. தெருக்கோடிக்கும் இயந்திர வண்டியிலேயே செல்கின்றனர். 1992ஆம் ஆண்டில் மிதிவண்டி கற்ற இளம்பெண்கள் பலர் இன்று பாட்டியர். அவர்களும் ‘அந்தக் காலம்’ என்று பேசத் தொடங்கிவிட்டனர். அவர்கள் ஏங்கும் காலம் பாட்டன்மார் ஏங்கிய காலம் அன்று.

குடும்ப நலத்தை ஆராய அறிஞர்கள்தாம் வேண்டும் என்பதில்லை. விடுமுறை நாளில் மாணவர் தம் வீட்டு முதியோரை அணுகிச் சில வினாக்களைக் கேட்கலாம். உடன்பிறந்தவர் எத்தனை பேர். அவருள் ஐந்து வயதுக்குமேல் வாழ்ந்தவர் எத்தனை பேர். குடிநீர் எங்கிருந்து வந்தது. அதனைச் சுமந்தவர் யார். வீட்டில் முதலில் உண்டவர் யார், கடைசியில் உண்டவர் யார். விடைகளைப் பெயரோடும் ஆண்டோடும் குறித்துவைத்தல் நன்று. பாட்டியிடம் கூடுதலாக ஒரு வினா கேட்கலாம்: மிதிவண்டி ஓட்டக் கற்றதுண்டா, உண்டெனில், முதன்முதலில் தனியே எவ்வூர்வரை ஓட்டிச் சென்றார்?