தானாய்த் துடிக்கும் இருதயம்



சென்ற மாங்காய்ப் பருவத்தில் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றிருந்தோம். வேப்பனப்பள்ளியை அடுத்த மாந்தோப்பு ஒன்றில் காவல் இருக்கும் முதியவர் ஒருவரை அவருடைய பிள்ளைகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். ஒரே மாதத்தில் மூன்று முறை, நின்றவாறே சுருண்டு விழுந்துவிட்டாராம். உறவினர் சிலர் காக்காய் வலிப்பு என்றனர். மகளோ, “காத்துக் கருப்பு பட்டிருக்கு சாமி, செபம் பண்ணிவிடுங்க” என்று அழுதார்.

தலைமேல் கைவைத்துச் செபித்தோம். பின்னர் அவரது மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். நிமிடத்துக்கு 36 துடிப்புகளே இருந்தன. “இது பேயும் அன்று, பிசாசும் அன்று, இன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்” என்று அனுப்பினோம்.

நாடியைப் பார்க்க வேண்டுமென நமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், இப்படியே அடிக்கடி மயங்கி விழுந்த ஒரு தாய்க்காகச் செபித்தோம். ஆனால் நாடியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒருநாள் விழுந்தவர் எழவேயில்லை. அவரை அடக்கம் செய்த நாளின் உறுத்தல் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இருதயத்தைத் துடிக்கச் செய்வது எது? மூளையே என்று பலரும் எண்ணுகிறோம். 2008 செப்டம்பரில் சென்னையில் நிகழ்ந்ததை நினைவுகூருங்கள். விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் இதேந்திரனின் இருதயத்தை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமாக அளித்தனர். அது பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மாற்று இருதயத்தில் இரத்தக் குழாய்களைத்தான் தைத்து இணைக்கிறார்கள். அறுபட்ட நரம்புகளை இணைப்பதில்லை. ஆயினும் அது துடிக்கிறது. இருதயம் தனக்கு வேண்டிய மின்விசையைத் தானே பிறப்பித்துக் கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இருதயத்தின் வலது மேலறையில் சிறியதொரு முடிச்சு இருக்கிறது. சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகிய உப்புத் தாதுக்கள் அதன் உயிரணுக்களுக்குள் புகுவதாலும் வெளியேறுவதாலும் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு எழுகிறது. அது பரவியதும் மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. நடுவிலுள்ள மற்றொரு முடிச்சில் அத்துடிப்பு ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கிறது. கீழறைகள் நிரம்புவதற்கான அவகாசம் அது! பின்னர் நுண்ணிய இழைகள் வழியே பாய்ந்து கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. நாள்தோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை இது நிகழ்கிறது. நடு முடிச்சை ஜப்பானியரான தவாரா 1906-இலும், மேல் முடிச்சை பிரித்தானியரான கீத், பிளாக் இருவரும் 1907-இலும் உலகுக்கு விளக்கினர்.

ஓசூர் ஆலைகளில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே, மேலிருந்து வரும் மின்துடிப்பு நடுவழியில் தடைப்பட்டால், கீழறைகள் தாமாகவே நிமிடத்துக்கு 20 முதல் 40 முறை துடித்து உயிரைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் மூளைக்கு அந்த இரத்தம் போதாது. மனிதர் மயங்கி விழுகிறார். மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. இதுவோ கம்பிக் கோளாறு.

நம் முதியவருக்கு நேர்ந்தது இதுவே. மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. அதை ஒரு தாளில் காட்டிவிட்டது. அக்கருவியை உருவாக்கிய எய்ந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். இக்கோளாறுக்கு மருந்தாக அமைந்த பேஸ்மேக்கர் முதன்முதலாக 1958 அக்டோபரில், சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தப்பட்டது. அன்று வைத்த கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆனால் அவரோ, அடுத்தடுத்துக் கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்!

குடும்பத்தினரே, வீட்டில் எவரேனும் காரணமின்றி மயங்கி விழுந்தால், அது ஒருமுறையே ஆயினும், இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கத் தவறாதீர்கள். மணிக்கட்டில் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்தவர் மூச்சற்றுக் கிடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் வலுவாகவும் விரைவாகவும் அழுத்திக்கொண்டே இருங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்ற நம் பெரியவர் இன்று மீண்டும் தோப்புக்குச் செல்கிறார். “உங்க செபந்தான் சாமி, எங்க அப்பாவைக் காப்பாத்துச்சு” என்றார் மகள். “செபமும் உண்டம்மா, ஆனால் அன்றைக்கே நீ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாயே, அதை மறந்துவிடாதே” என்றோம்.