பைக்காரா தண்ணீரின் வழியே



பொங்கல் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இந்த முறை ஒரு சாலையைப் பதிலாகச் சொல்கிறேன். ஊட்டியிலிருந்து பைக்காரா வரை இருபது கிலோமீட்டர் சொச்சம். காரிலோ பஸ்ஸிலோ போயிருப்பீர்கள். ஒருமுறை சைக்கிளில் போய்ப் பாருங்கள். சென்ற மாதம் அலுவலக நண்பர்கள் சிலரோடு போய்வந்தேன். இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு நாளைப் பற்றியதுதான்.

பிங்கர்போஸ்ட் தாண்டியதும் இறக்கம். தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடந்தது. டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி. கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க முடியாது. வெயில் ஏற ஏற காமராஜ் சாகர் அணையின் நீர் நிறம் மாறுவதை ஓரமாக நின்று பார்த்தோம். இந்த வழியில் ஏரி என்று நாம் படம் பிடிக்கும் எல்லாமே மனிதர் கட்டியவை. ஊட்டி ஏரியே கூட 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கியதுதான். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அழகு குறைவதில்லை. எனக்கு மரியாதை கூடுகிறது.

அங்கிருந்து பைக்காரா வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். உயரம் என்றால் என்ன என்று கால்களுக்குப் புரிவது அந்த ஏற்றங்களில்தான். நீர்மின் பொறியாளர்களுக்கு உயரம்தான் முதல். பைக்காரா நீர் கிளன்மார்கனிலிருந்து இரும்புக் குழாய்களில் இறங்கி, 900 மீட்டருக்கும் கீழே சிங்காரா மின் நிலையத்தின் சக்கரங்களில் மோதுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 450 லிட்டர் போதும். நம் மொட்டை மாடித் தொட்டி ஒன்று கூட முழுதாகக் காலியாகாது. அதே ஒரு யூனிட்டை 40 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் பத்தாயிரம் லிட்டருக்கு மேல், ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் வேண்டும்.

நம் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ. மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே வந்து சேர்ந்தால், புவியீர்ப்பை எதிர்த்து நாம் செய்த வேலை ஏறக்குறைய கால் யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி பதினைந்து நிமிடம் இழுக்கும் மின்சாரம் அது. அன்றிலிருந்து காலியான அறையில் விசிறி ஓடினால் என் கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது.

பைக்காரா நீர்மின் திட்டத்துக்காகச் சென்னை அரசின் நிர்வாக சபையில் விடாமல் வாதாடியவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1932-இல் சிங்காராவில் மின்சாரம் பிறந்தது. அங்கிருந்து கம்பிகள் நேரே கோயம்புத்தூருக்குப் போயின. பஞ்சாலைகள் பெருகின, கமலையில் மாடு கட்டி இறைத்த கிணறுகளில் மோட்டார்கள் வந்தன. கொங்கு நாட்டின் செழிப்பைப் பேசும்போது உழைப்பையும் துணிச்சலையும் சொல்கிறோம். சரிதான். கூடவே இந்த ஆற்றையும் சொல்ல வேண்டும்.

முக்குருத்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு சிங்காராவோடு ஓய்ந்துவிடுவதில்லை. 1938-இல் கட்டிய முக்குருத்தி அணையில் தேங்கி, பைக்காரா அணைக்கு வந்து, சிங்காராவில் வேலை செய்து, மரவகண்டி வழியாக மாயார் மின் நிலையத்தில் இன்னொரு முறை சக்கரம் சுற்றுகிறது. பிறகு மாயாற்றுப் பள்ளத்தாக்கில் யானைகளுக்கும் கழுகுகளுக்கும் நீராகிறது. பவானிசாகரில் சேர்ந்து வாய்க்கால்களில் பிரிந்து ஈரோட்டு மஞ்சள் காட்டுக்குப் பாய்கிறது. மிச்சம் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. இத்தனை பேருக்கு உழைத்த தண்ணீரின் தலைமாட்டில் அன்று நின்றோம்.

ஆனால் இந்த நீர் யாருடையதாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தோடர்களுக்குப் பைக்காரா புனித ஆறு. அவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் ஒரு பகுதி அணைகளுக்கு அடியில் போயிற்று. பெரும்பகுதியைச் சீகையும் கற்பூர மரமும் பைனும் விழுங்கின. சாலையோர பைன் காட்டில் எல்லோரும் இறங்கிப் படமெடுக்கிறார்கள். எனக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. மழையை வாங்கி வைத்து மாதக்கணக்கில் ஓடைகளில் விடுவது புல்லும் சோலையும்தான். அவை இருந்தால்தான் கோடையிலும் குழாய்க்குள் தண்ணீர் வரும். புல்வெளிகளை மீட்கும் வேலைக்கு, மின் நிலையங்களுக்குக் கொடுத்த அதே அக்கறையைக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பக்கத்துக் குந்தாவில் இப்போது 500 மெகாவாட் திட்டம் எழும்புகிறது: மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலே போர்த்திமந்துக்கு ஏற்றி, தேவை கூடும்போது இறக்கிவிடுவார்கள். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நல்ல துணை. அந்த அணைகளுக்கு நீர் தரும் புல்வெளிகளும் அந்தத் திட்டத்தின் கணக்கில் இருக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கியர் சைக்கிள் அவசியம். பிரேக் கட்டைகளை முன்பே மாற்றிவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். கிளன்மார்கனில் மின் வாரிய அனுமதியில்லாமல் உள்ளே போக வேண்டாம். திரும்பும்போது ஊட்டிக்கு ஏற்றம் காத்திருக்கிறது; மதியத்துக்குள் பைக்காராவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். இருட்டிய பின் அந்தச் சாலை வனவிலங்குகளுக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிங்காரா, மாயார், குந்தா மின் நிலையக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். விஞ்சில் ஏறி வேலைக்குப் போன அப்பாவை, தாத்தாவைப் பற்றி எழுதுங்கள். பாபநாசம், கோதையாறு, சுருளியாறு மின் நிலையப் பக்கத்தினரும் எழுதலாம். பழைய புகைப்படங்கள் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழ்களில் இதற்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்