காற்றோ குளிர்ச்சி, காரோ அடுப்பு!

கோடை வந்தால் ஜவ்வாது மலைக்குக் குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்புகிறார்கள். போளூர் வழியாகச் சிலர் ஏறுகிறார்கள். ஆலங்காயம், காவலூர் வழியாகச் சிலர் ஏறுகிறார்கள். கீழே வேலூரிலும் திருவண்ணாமலையிலும் அனல் பறக்கிறது. மலைப் பாதையில் வளைந்து வளைந்து மேலே போனால் காற்று மாறுகிறது. ஜமுனாமரத்தூர் வந்ததும் கார்க் கண்ணாடியை இறக்கி விட்டு, "அப்பாடா!" என்கிறார்கள்.

அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

காரை வெட்டவெளியில் நிறுத்துகிறார்கள். ஏரியில் படகு விடப் போகிறார்கள். பீமன் நீர்வீழ்ச்சிக்குப் போகிறார்கள். முன் கண்ணாடிக்கு வைக்கும் சன் ஷேடு டிக்கியிலேயே கிடக்கிறது. "மலை மேல் எதற்கு அது?" என்று கேட்கிறார் குடும்பத் தலைவர். இரண்டு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறக்கிறார். முகத்தில் அடிக்கிறது அனல்! ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை.

காற்று வேறு, வெயில் வேறு. மலை மேல் குளிர்வது காற்றுதான். காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் உஷ்ணம் சில டிகிரி குறையும். வெயிலின் வேகம் குறையவே குறையாது.

காருக்குள் நடப்பது இதுதான். வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே நுழைகிறது. கறுப்பு டாஷ்போர்டு அதைக் குடித்துச் சூடாகிறது. அந்தச் சூடு வெளியே போகக் கண்ணாடி வழி விடுவதில்லை. உள்ளே வருவது சுலபம், வெளியே போவது கஷ்டம். எலிப்பொறி மாதிரி!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் இதை அளந்து பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊரில் போர்வை தேடும் குளிர்ச்சி. ஆனால் வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறலாம் என்று கண்டார்கள். அந்த ஏற்றத்தில் பெரும் பகுதி முதல் அரை மணியிலேயே நடந்து விடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். பலன் மிகச் சொற்பம்!

அரிசோனாவில் 2018-ல் இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. கடுங்கோடையில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் டாஷ்போர்டு சராசரி 69 டிகிரி காட்டியது. ஸ்டியரிங் 53 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் டாஷ்போர்டு சுமார் 48 டிகிரிதான். ஆகவே முதல் மருந்து மர நிழல். காசு கிடையாது. அது கிடைக்காத இடத்தில்தான் சன் ஷேடு.

அளக்காமல் வாங்காதீர்கள்

சட்டைக்கு அளவு கொடுக்கிறவர்கள் சன் ஷேடுக்கு அளவு பார்ப்பதில்லை. கடைக்காரர் "எல்லா காருக்கும் சேரும்" என்கிறார். வாங்கி வருகிறார்கள். சின்னக் காரில் அது மடங்கிச் சரிகிறது. பெரிய காரில் இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளி வழியாக வெயில் நேராக டாஷ்போர்டில் விழுகிறது. கிழிந்த குடையைப் பிடித்த கதைதான்.

வழி எளிது. பழைய செய்தித் தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்குங்கள். (இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த பிறகு!) காருக்குள் உட்கார்ந்து முன் கண்ணாடியில் அதை வைத்து ஓரம் ஓரமாகக் கத்தரியுங்கள். கண்ணாடி கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கும். கீழ் அகலம், மேல் அகலம், நடு உயரம் மூன்றும் வேண்டும். நடுவில் தொங்கும் பின்பார்வைக் கண்ணாடிக்கு இடம் வெட்டுங்கள். புதுக் கார்களில் அங்கே காமிராவும் இருக்கலாம். அந்தத் தாளைச் சுருட்டிக் கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு ஓரமும் கண்ணாடிச் சட்டத்தைத் தொடுகிற ஷேடுதான் உங்கள் ஷேடு.

பளபளக்கும் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். அதுதான் வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும். வெறும் கறுப்புத் துணி வெயிலைக் குடித்து விட்டு, சூட்டைக் காருக்குள்ளேயே விடும். ரப்பர் கப் வைத்து ஒட்டும் வகை, சூட்டில் கழன்று விழும். முன் சீட்டுக்கு மேலே இருக்கும் இரண்டு மடக்குப் பலகைகளை இறக்கினால் போதும், பெரிய ஷேடு அசையாமல் நிற்கும். குடை மாதிரி விரியும் வகை வைப்பதற்குச் சுலபம். ஆனால் கம்பி முனை டாஷ்போர்டுத் திரையைக் கீறாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஷேடு வைக்கச் சோம்பல் பட்டுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர்களும் உண்டு. 2012 ஏப்ரல் 27-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தடை செய்தது. பிறகு விதிகளில் சில மாற்றம் வந்தது. ஆனாலும் முன் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது மாறவில்லை. சன் ஷேடுக்கு அந்த வம்பு இல்லை. நிற்கும்போது வைப்பது, ஓட்டும்போது எடுப்பது.

மறைந்திருக்கும் ஆபத்து

சன் ஷேடு வைத்து விட்டோம், கார் குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது நினைத்தால், அதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஷேடு டாஷ்போர்டைக் காக்கும், ஸ்டியரிங்கைக் காக்கும். மூடிய காருக்குள் இருக்கும் உயிரைக் காக்காது.

2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நின்றிருந்த ஒரு காருக்குள் ஏறி விளையாடினார்கள் மூன்று குழந்தைகள். கதவு திறக்கவில்லை. மூன்று பேரும் இறந்து போனார்கள்.

நன்றாகப் பொருந்திய ஷேடுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. காருக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அது மறைத்து விடும். பக்கத்தில் நடந்து போகிறவர் கண்ணில் படாது. ஆகவே ஷேடை விரிப்பதற்கு முன்னால் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இறங்கியதும் கதவுகளைப் பூட்ட வேண்டும். சாவி குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது.

பெரியவர்கள் விஷயமும் இதேதான். நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்க முடியாத பாட்டி, "எனக்குக் கால் வலிக்கிறது. நான் காரிலேயே இருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்" என்பார். பிள்ளைகளும் ஏ.சி.யை நிறுத்தி, ஷேடை வைத்து விட்டு, தூங்கட்டும் என்று போய் விடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஜவ்வாது மலையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பாட்டிக்கு ஒரு பாயை மரத்தடியில் விரித்து, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்து, துணைக்கு ஒருவரை உட்கார வைத்து விட்டுப் போங்கள்.